கணினியில் சரியாக இருக்கும் பக்கம் மொபைலில் சிதறுகிறது: எந்த சிஎஸ்எஸ் ஃபிரேம்வொர்க், எங்கே தொடங்குவது?

ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும், வீட்டுப் பலகாரக் கடைக்கு ஒரு பக்கம் போட வேண்டும், பூட்ஸ்டிராப்பா டெயில்விண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஃபிரேம்வொர்க்குகள், அதாவது தயாராக எழுதி வைத்த சிஎஸ்எஸ் கிளாஸ்களின் தொகுப்புகள். பூட்ஸ்டிராப் 5 எடுங்கள். டெயில்விண்ட் நல்ல கருவிதான். ஆனால் அதில் ஒவ்வொரு சிஎஸ்எஸ் பண்புக்கும் ஒரு கிளாஸ் போட்டு, மொத்தத் தோற்றத்தையும் நீங்களே கட்ட வேண்டும். சிஎஸ்எஸ் கைவந்தவருக்குத்தான் அது வேகம் தரும். அதோடு, உங்கள் கோப்புகளைப் படித்துத் தேவையான சிஎஸ்எஸ்ஸை மட்டும் உருவாக்கித் தரும் ஒரு பில்டு வேலையும் உண்டு. பூட்ஸ்டிராப்புக்கு ஒரு சிஎஸ்எஸ் கோப்பை இணைத்தால் போதும், அன்றே வேலை தொடங்கிவிடும்.

ஒரு குறிப்பு: கீழே கிளாஸ் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். கால் என்றால் சி, ஓ, எல் என்ற மூன்று எழுத்து. எஸ்எம், எம்டி, எல்ஜி எல்லாம் இரண்டிரண்டு எழுத்து. நடுவில் வரும் கோடு கட்டாயம்.

முதலில் பதிப்பைக் கவனியுங்கள். ட்விட்டரில் வேலை பார்த்த மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் 2011-ல் வெளியிட்டது பூட்ஸ்டிராப். 3-ம் பதிப்பு 2013-ல், 4-ம் பதிப்பு 2018-ல், 5-ம் பதிப்பு 2021-ல் வந்தன. தேடினால் மூன்றுக்குமான பாடங்கள் கலந்து கிடைக்கும், தொடங்குபவர்கள் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். கால்-எக்ஸ்எஸ்-6, ஐஎம்ஜி-ரெஸ்பான்சிவ் என்று கண்டால் அது 3-ம் பதிப்புப் பாடம், மூடிவிடுங்கள். எம்எல்-ஆட்டோ, டெக்ஸ்ட்-லெஃப்ட் என்றிருந்தால் 4. ஐந்தில் இடம், வலம் என்பதற்குப் பதில் ஸ்டார்ட், எண்ட் என்ற கணக்கு. அதனால் எம்எஸ்-ஆட்டோ, டெக்ஸ்ட்-ஸ்டார்ட் என்று மாறிவிட்டன. மெனு பொத்தானில் டேட்டா-டாகிள் என்பது டேட்டா-பிஎஸ்-டாகிள் ஆனது. பழைய பாடத்திலிருந்து மெனுவை ஒட்டி, பொத்தானைத் தட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டெழுத்து விடுபட்டதுதான். பழைய பதிப்புகள் கேட்ட ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இப்போது தேவையே இல்லை.

கோப்பின் முதல் வரியில் டாக்டைப் இருக்க வேண்டும். ஹெட் பகுதிக்குள் வியூபோர்ட் என்ற மெட்டா டேக், அதில் அகலம் டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் 1. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மொபைல் உலாவி பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் அகலமாக நினைத்துக்கொண்டு வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். எழுத்தெல்லாம் எறும்பு போலத் தெரியும், நீங்கள் போட்ட மொபைல் கிளாஸ் எதுவும் வேலை செய்யாது. ‘ஃபிரேம்வொர்க் போட்டும் பயனில்லை’ என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து பூட்ஸ்டிராப் சிஎஸ்எஸ், அதற்குக் கீழே உங்கள் சொந்த சிஎஸ்எஸ். இந்த வரிசை மாறினால் சம பலமுள்ள விதிகளில் பூட்ஸ்டிராப்பின் விதிதான் ஜெயிக்கும். பாடி முடியும் இடத்தில் பண்டில் என்று பெயரில் வரும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. கீழிறங்கும் மெனுவுக்கு வேண்டிய பாப்பர் அதற்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் மெனு பொத்தானோ ஸ்லைடரோ பாப்-அப்போ இல்லையென்றால் இந்தக் கோப்பே வேண்டாம், கட்டங்கள் எல்லாம் சிஎஸ்எஸ்ஸிலேயே நடக்கும். கோப்பை உங்களிடம் வைக்காமல் சிடிஎன் (பொதுக் கோப்புகளை இணையத்தில் வழங்கும் சர்வர்) முகவரியைப் பயன்படுத்தினால் கூடவே இன்டெக்ரிட்டி என்று ஒரு நீண்ட குறியீடு வரும். முகவரியில் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிவிட்டுக் குறியீட்டைப் பழையபடி விட்டால், உலாவி கோப்பை ஏற்க மறுத்து, பக்கம் மொட்டையாக வந்து நிற்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இனி கட்டம். பூட்ஸ்டிராப்பில் பொத்தான், அட்டை, ஸ்லைடர் என்று நூறு சமாச்சாரம் இருக்கிறது. ஆரம்பத்தில் அத்தனையையும் விட்டுவிட்டு கன்டெய்னர், ரோ, கால் மூன்றையும் மட்டும் பிடியுங்கள். வெளியே கன்டெய்னர், அதற்குள் ரோ, ரோவின் நேரடிப் பிள்ளைகளாகக் கால் கிளாஸ் உள்ள டிவ்கள். எழுத்தும் படமும் காலுக்குள் மட்டுமே. ரோவின் அகலம் 12 பங்கு. கால்-6 என்றால் பாதி, கால்-4 என்றால் மூன்றில் ஒன்று. கூட்டல் 12-ஐத் தாண்டினால் மீதி அடுத்த வரிக்கு இறங்கும், அது பிழை அல்ல.

திரை அகலத்துக்கேற்ற எல்லைகள் ஐந்து: எஸ்எம் 576 பிக்சல், எம்டி 768, எல்ஜி 992, எக்ஸ்எல் 1200, எக்ஸ்எக்ஸ்எல் 1400. ஒவ்வொன்றுக்கும் ‘இந்த அகலமும் இதற்கு மேலும்’ என்று பொருள். எம்டி என்றால் டேப்லெட்டுக்கு மட்டும் என்று நினைத்துக் குழம்பாதீர்கள், 768-லிருந்து பெரிய மானிட்டர் வரை அதுதான் ஆளும். எல்லைப் பெயர் இல்லாத கால்-6 மொபைலிலிருந்தே அமலுக்கு வரும். ஆகவே எழுதும் முறையும் மொபைலிலிருந்து மேலே போக வேண்டும்: முதலில் சின்னத் திரையில் எப்படி, பிறகு எந்த அகலத்தில் மாற வேண்டும்.

எந்த எல்லையைத் தேர்ந்தெடுப்பது? பலர் பழக்கத்தில் எல்லா இடத்திலும் எம்டி போடுவார்கள். அதற்குப் பதில் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் இடது புறம் பலகாரப் பட்டியல், வலது புறம் தொலைபேசி எண்ணும் டெலிவரி விவரமும். கால்-எம்டி-8, கால்-எம்டி-4 என்று பிரித்தால், 768 திரையில் கன்டெய்னரின் உச்ச அகலம் 720. வலது பத்திக்கு மூன்றில் ஒரு பங்கு 240. அதில் இரு பக்கமும் 12 பிக்சல் இடைவெளி போனால் எழுத்துக்கு மிஞ்சுவது 216. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘வெளியூர்களுக்கும் அனுப்பப்படும்’ என்பதே இரண்டு வரி பிடிக்கும். இதையே எல்ஜி என்று மாற்றுங்கள். 992-ல் கன்டெய்னர் 960, வலது பத்தி 320, எழுத்துக்கு 296 கிடைக்கும். 992-க்குக் கீழே இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக முழு அகலத்தில் நிற்கும், அதுவும் அழகாகவே இருக்கும். தமிழ்ப் பக்கங்களுக்குப் பக்கப்பத்தியை எல்ஜியில் பிரிப்பதே என் பரிந்துரை.

மொபைலில் தொலைபேசி எண் முதலில் தெரிய வேண்டுமென்றால் அந்தப் பத்திக்கு ஆர்டர்-ஃபர்ஸ்ட், ஆர்டர்-எல்ஜி-லாஸ்ட் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். மாறுவது கண்ணுக்குத் தெரியும் வரிசை மட்டுமே. ஸ்கிரீன் ரீடரும் டேப் விசையும் கோப்பில் எழுதிய வரிசையில்தான் போகும். அதனால் இதை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பலகாரப் பட்டியலுக்கு வருவோம். அதிரசம், கைமுறுக்கு, சீடை என்று எட்டு அட்டைகள். மொபைலில் இரண்டிரண்டாக, எல்ஜிக்கு மேல் நான்கு நான்காக வேண்டும் என்றால் ஒவ்வொரு டிவ்வுக்கும் கால்-6 கால்-எல்ஜி-3. 360 பிக்சல் மொபைலில் ஒரு பத்தி 180. இடைவெளி போக அட்டைக்கு 156. அட்டையின் ஓரக்கோடு இரு பக்கமும் சேர்த்து 2, உள்ளே கார்டு-பாடியின் பேடிங் பக்கத்துக்கு 16. கடைசியில் பெயர் எழுத 122 பிக்சல்தான், ‘தேங்காய்ப்பால் முறுக்கு’ திணறும். ரோவில் ஜி-2 ஜி-எல்ஜி-4 என்று சேர்த்தால் மொபைலில் மட்டும் இடைவெளி 24-லிருந்து 8 ஆகக் குறையும். கார்டு-பாடிக்கு பி-2 கொடுத்தால் பேடிங் 8 ஆகும். இப்போது 146 பிக்சல். எழுத்து அளவைக் குறைக்காமலே 24 பிக்சல் மீண்டது. அட்டைகள் ஒரே உயரத்தில் நிற்க, கார்டு இருக்கும் டிவ்வுக்கு ஹெச்-100.

இங்கே செய்யக் கூடாத இரண்டு. ஒன்று, கால் இருக்கும் அதே டிவ்வில் கார்டையும் எழுதுவது. காலின் இடைவெளி என்பது அதன் உள்பக்கப் பேடிங். இரண்டையும் ஒன்றாக்கினால் அந்த இடைவெளி ஓரக்கோட்டுக்கு உள்ளே போய், அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கால் வெளியே, கார்டு உள்ளே, தனித்தனி டிவ். மற்றொன்று, ஒட்டுகிறதே என்று காலுக்கு எம்-2 மாதிரி மார்ஜின் கொடுப்பது. நான்கு கால்-3 சேர்ந்தாலே 100 சதவீதம் நிறைந்துவிட்டது, மார்ஜினுக்கு இடமில்லை, நான்காவது அட்டை கீழே விழும். இடைவெளி வேண்டுமென்றால் ரோவில் ஜி, அவ்வளவுதான்.

பக்கம் மொபைலில் இடவலமாக ஆடுகிறது என்பது அடுத்த தலைவலி. ரோவுக்கு இரு பக்கமும் மைனஸ் 12 பிக்சல் மார்ஜின் உண்டு. கன்டெய்னரின் 12 பிக்சல் பேடிங் அதைச் சரிக்கட்டும். கன்டெய்னர் இல்லாமல் பாடிக்குள் நேராக ரோ போட்டால் வலது பக்கம் 12 பிக்சல் திரைக்கு வெளியே நீண்டு, ஸ்க்ரோல் வந்துவிடும். ஜி-5 போட்டாலும் இதேதான்: அப்போது மைனஸ் மார்ஜின் 24, கன்டெய்னர் தாங்குவது 12. கன்டெய்னருக்கு பிஎக்ஸ்-4 கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். பாடிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் போட்டு மறைக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். அது நோயை மறைப்பது, உள்ளே வெட்டுப்பட்ட எழுத்து அப்படியே இருக்கும். காலுக்குள் மறுபடி பிரிக்க வேண்டுமா? உள்ளே இன்னொரு ரோ மட்டும் போடுங்கள். மறுபடி கன்டெய்னர் போட்டால் ஓரங்கள் நேர்கோட்டில் நிற்காது.

படங்களுக்கு ஐஎம்ஜி-ஃப்ளூயிட். விலைப்பட்டியல் டேபிளைச் சுற்றி டேபிள்-ரெஸ்பான்சிவ் என்று ஒரு டிவ். கூகுள் வரைபடத்தை ரேஷியோ ரேஷியோ-16எக்ஸ்9 உள்ள டிவ்வுக்குள் வையுங்கள், நடுவில் இருப்பது எக்ஸ் என்ற எழுத்து, பெருக்கல் குறி அல்ல.

தமிழுக்கென்று சில மாற்றங்களைச் சொந்த சிஎஸ்எஸ்ஸில் எழுத வேண்டும். பூட்ஸ்டிராப் பாடிக்கு வைத்திருக்கும் வரி உயரம் 1.5, தலைப்புகளுக்கு 1.2. இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் ‘ழு’, ‘மு’ கீழே இறங்க, கீழ்வரியின் ‘தி’, ‘ரீ’ மேலே ஏற, இரண்டும் இடிக்கும். தலைப்புக்கு 1.4, பாடிக்கு 1.7 வைத்துப் பாருங்கள். ஹெச்டிஎம்எல் டேக்கில் லாங் மதிப்பு டிஏ என்று இருக்கட்டும். குறுகிய பத்தியில் சொல் வெளியே நீண்டால் டெக்ஸ்ட்-பிரேக் கிளாஸ் உடைக்கும். ஆனால் அது கண்ட இடத்தில் உடைத்துவிடும். தலைப்பில் நீளமான சொல் ஒன்றிரண்டு மட்டும் என்றால், உடையலாம் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் டபிள்யூபிஆர் டேக் வைப்பது நல்லது. இடம் போதாதபோது மட்டும் அங்கே மடியும், நடுவில் கோடும் போடாது.

மெனுவிலும் இதே சங்கதி. பாடங்களில் நாவ்பார்-எக்ஸ்பாண்ட்-எல்ஜி என்று இருக்கும். ‘முகப்பு’, ‘பலகார வகைகள்’, ‘மொத்த ஆர்டர்கள்’, ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’ என்று ஐந்து வைத்து, கடைப் பெயரும் சேர்ந்தால் 992-ல் மெனு இரண்டு வரியாக மடிய வாய்ப்பு அதிகம். எக்ஸ்எல் என்று மாற்றினால் 1200 வரை மூன்று கோட்டுப் பொத்தானாகவே இருக்கும்.

சோதனைக்கு உலாவி ஜன்னலை இழுத்துச் சுருக்கினால் போதாது, பல உலாவிகளில் அது 500 பிக்சல் பக்கத்திலேயே நின்றுவிடும். குரோமில் எஃப்12 அழுத்தி, பிறகு கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எம். ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எம் மட்டும். 360, 767, 768, 991, 992 என்று எண்ணை அடித்துப் பாருங்கள், எல்லைக்கு ஒரு பிக்சல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான் குறைகள் வெளிப்படும். ஆட்டத்துக்குக் காரணமான ஆள் யாரென்று தெரியாவிட்டால், எல்லா உறுப்புக்கும் நட்சத்திரக் குறி வைத்து 1 பிக்சல் சிவப்பு அவுட்லைன் கொடுங்கள். பார்டர் வேண்டாம், அது அகலக் கணக்கில் சேர்ந்து தானே புதுக் குழப்பம் செய்யும். திரைக்கு வெளியே நீளும் சிவப்புப் பெட்டி பெரும்பாலும் ஃப்ளூயிட் போடாத படம், டேபிள், ஸ்டைலில் 600 பிக்சல் என்று அகலத்தை அடித்து வைத்த டிவ், அல்லது உடையாத நீண்ட இணைய முகவரி ஒன்று.