செத்த நாத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலைக்குப் போய்க்கிட்டே அரை ஏக்கர்ல காய்கறி போடலாம்னு ஆரம்பிச்சேன். ட்ரேல தக்காளி நாத்து ரெண்டு தடவை விட்டேன். ரெண்டு தடவையும் நல்லா முளைச்சு வந்து, பத்து நாள்ல கொத்துக் கொத்தா சாஞ்சு செத்துப்போச்சு. ரெண்டாவது தடவை விதையை மாத்தினேன், மண்ணை மாத்தினேன், கொஞ்சம் உரமும் போட்டேன். தினமும் வேலை முடிஞ்சு வந்து தவறாம தண்ணியும் ஊத்துறேன். எனக்குக் கைராசி இல்லையோன்னு இருக்கு, விட்டுடலாமா?

பதில்: விட்டுடாதீங்க. கைராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. செத்த நாத்துல ஒண்ணையாவது பிடுங்கி கண்ணு கிட்ட வச்சுப் பாத்தீங்களா? உங்க கடிதத்துல அது மட்டும்தான் இல்ல. மேல இலை பச்சையா இருக்கும்போதே, தண்டு மண்ணைத் தொடுற இடம் மட்டும் நீர்கோத்த மாதிரி பழுப்பாகி நூலாட்டம் மெலிஞ்சிருந்தா அது நாத்தழுகல். பித்தியம், ரைசாக்டோனியா மாதிரி மண்ணுல இருக்குற பூஞ்சை, பூஞ்சை மாதிரி கிருமிங்களோட வேலை. அப்படி இல்லாம தண்டு கத்தரிச்ச மாதிரி அறுந்து கிடந்தா வெட்டுப்புழு, ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா மாட்டும். ரெண்டும் பாக்க "நாத்து செத்துப்போச்சு"தான், ஆனா மருந்து வேற வேற.

நீங்க எழுதுனதை வச்சுப் பாத்தா நாத்தழுகலாத்தான் இருக்கணும். சாயங்காலம் தண்ணி ஊத்துனா மண்ணு ராத்திரி பூரா சொதசொதன்னு கிடக்கும், விதையையும் நெருக்கமா தூவியிருந்தா காத்து உள்ள போகாது, பூஞ்சைக்கு அதுக்கு மேல என்ன வேணும். நீங்க ரெண்டாவது தடவை விதை, மண்ணு, உரம்னு மூணையும் ஒரேயடியா மாத்துனீங்க, ஆனா தண்ணி ஊத்துற நேரத்தை மட்டும் அப்படியே விட்டுட்டீங்க. ஒருவேளை பொழச்சிருந்தாக்கூட எதுனால பொழச்சுதுன்னு உங்களால சொல்லியிருக்க முடியாது பாருங்க.

அதனால இந்தத் தடவை 4 ட்ரே போதும். நாலுக்கும் ஒரே விதை, ஒரே புது மண்ணு. பழைய மண்ணைத் திரும்பப் போடாதீங்க, ட்ரேயையும் நல்லா கழுவிக் காய வைங்க. முதல் ட்ரேக்கு பழையபடி சாயங்காலத் தண்ணி, நெருக்க விதைப்பு. ரெண்டாவதுக்கு காலைல மட்டும் தண்ணி, அதுவும் மேல்மண்ணு வெளுத்த பிறகு. மூணாவதுக்கு சாயங்காலத் தண்ணியே இருக்கட்டும், விதையை மட்டும் தள்ளித் தள்ளி விடுங்க. நாலாவதுக்கு ரெண்டு மாத்தமும். எது எத்தனாவது நாள் சாஞ்சுதுன்னு அன்னன்னைக்கே நோட்டுல குறிச்சு வைங்க, அப்புறம் எழுதிக்கலாம்னா ஞாபகம் நமக்குப் பிடிச்ச மாதிரி கதை கட்டிடும்.

நான் இதை கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன். முதல் வருஷம் பீன்ஸ் பாத்தியில மக்காத சாணியை அப்படியே கொட்டிட்டேன், செடி இலை ஓரமெல்லாம் கருகிப் போச்சு, விதைதான் சொத்தைன்னு முடிவு பண்ணி மொத்தத்தையும் பிடுங்கி எரிச்சுட்டேன். அடுத்த தடவையும் அதே சாணி, அதே கருகல். அப்பத்தான் ஒரு செடியை மண்ணோட தோண்டி எடுத்து தண்ணியில அலசிப் பாத்தேன். வேர் நுனியெல்லாம் பழுப்பு, பக்கத்துலயே வெள்ளையா சுருண்டு ஒரு வேர்ப்புழு. பச்சைச் சாணியிலிருந்து வர்ற அம்மோனியா வேரைச் சுடும், வண்டும் அதுல வந்து முட்டை வைக்கும். முதல் தடவையே ஒரே ஒரு செடியைத் தோண்டியிருந்தா ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும், அது இன்னைக்கும் எனக்கு வலிக்குது.

கேள்வி: தக்காளி காய் அடியில கருப்பா, தோல் மாதிரி பள்ளமாகுது. மூணு தடவை மருந்து அடிச்சும் நிக்கல.

பதில்: மருந்தை நிறுத்துங்க, இது நோய் இல்ல. காய்க்கு கால்சியம் போய்ச் சேராததால வர்றது. தண்ணியோட சேந்துதான் கால்சியம் மேல ஏறும், நாலு நாள் காயவிட்டு அஞ்சாவது நாள் ரொப்பினா காய்க்குப் போய்ச் சேராது. பெரும்பாலும் மண்ணுல கால்சியம் இருக்கும், தண்ணிதான் சீரா இருக்காது. தண்ணி விட்ட மறுநாள் ஒரு சாண் தோண்டிப் பாருங்க, மேல ஈரமா இருந்துட்டு கீழ பொடிப்பொடியா காஞ்சு கிடக்கும். வேர் வரைக்கும் ஈரம் இறங்குற மாதிரி சீரா தண்ணி விட்டு, செடியைச் சுத்தி காஞ்ச இலை, வைக்கோல்னு மூடாக்கு போடுங்க. கருத்த காய் திரும்ப சரியாகாது, அதைப் பறிச்சுடுங்க, அடுத்து வர்ற காயைப் பாருங்க.

கேள்வி: முதல் வருஷம் நஷ்டம். அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு நிலத்துல போட்டா விட்டதைப் பிடிச்சுடலாம்ல?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம். எதுனால நஷ்டம்னு நீங்க ஒரு வரி கூட எழுதல, அது தெரியாம நிலத்தைக் கூட்டினா அதே தப்பு ரெண்டு மடங்கா விளையும். பத்துக்குப் பத்து அடியில ஒரு பாத்தி, ஒரே ஒரு பயிர், விதைக்கிறதுலருந்து அறுவடை வரைக்கும் முழுசா எடுத்துக் காட்டுங்க, அப்புறம் நிலத்தைப் பத்திப் பேசலாம். விளையலன்னாலும் எழுதுங்க, வேர் எப்படி இருந்துச்சுன்னும் சேத்து எழுதுங்க.