மேட் மேக்கப்: பளபளப்பும் வேண்டாம், மாவு அப்பியதுபோலவும் வேண்டாம்

எனக்கு எண்ணெய்ப் பசை சருமம். காலை 8 மணிக்கு மேக்கப் போட்டால் 11 மணிக்குள் மூக்கும் நெற்றியும் மின்ன ஆரம்பித்துவிடும். பவுடரைக் கூட்டினால் மாவு அப்பியதுபோல் ஆகிறது. என்ன செய்யலாம்?
– வங்கி ஊழியர், மதுரை

பவுடரைக் கூட்டாதீர்கள், போடும் இடத்தைக் குறையுங்கள். எண்ணெய் அதிகம் சுரப்பது நெற்றி, மூக்கு, தாடை மூன்றிலும்தான். கன்னத்தில் அந்த அளவுக்குச் சுரக்காது. முகம் முழுக்க ஒரே கனத்தில் பவுடர் போட்டால் கன்னம் வறண்டு, சருமத்தின் இயல்பே மறைந்துவிடும்.

எண்ணெய்ச் சருமம்தானே என்று மாய்ஸ்சரைசரை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஈரப்பதம் குறைந்த சருமத்தில் பவுண்டேஷன் (சரும நிறத்தைச் சீராக்கும் பூச்சு) சீராகப் படியாது, திட்டுத்திட்டாக நிற்கும். முகம் கழுவியதும் பட்டாணி அளவு ஜெல் மாய்ஸ்சரைசர் தடவி 5 நிமிடம் விடுங்கள். பிறகு சன்ஸ்க்ரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் வேண்டும். அது படிய இன்னொரு 10 நிமிடம். காலை அவசரத்தில் இந்த 15 நிமிடம்தான் முதலில் அடிபடுகிறது. பாதிக் கோளாறு அதிலிருந்தே தொடங்குகிறது.

மேட் பிரைமரை (பவுண்டேஷனுக்கு முன் போடும், பளபளப்பைக் குறைக்கும் பூச்சு) மூக்கின் இருபுறம், புருவ மத்தி, தாடை ஆகிய இடங்களில் மட்டும் விரலால் அழுத்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம். பவுண்டேஷன் ஒரு பம்ப் போதும். அதிலும் முதலில் பாதியை எடுத்து, முகத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஈர ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்திருக்க வேண்டும்; தண்ணீர் சொட்டினால் பவுண்டேஷன் நீர்த்துக் கோடு விழும். தழும்பு, கரும்புள்ளி தெரிகிற இடத்தில் இரண்டாவது அடுக்கு போடாமல் அதை மறைக்கும் கன்சீலர் கொஞ்சம் வையுங்கள்.

பவுடருக்கு பிரஷ்ஷைவிட பஃப் நல்லது. லூஸ் பவுடரை மூடியில் சிறிது தட்டி, பஃப்பில் எடுத்து, அதை மடித்துத் தேய்த்து, மிச்சத்தை உதறிவிடுங்கள். மூக்கோரத்தில் பவுண்டேஷன் சேர்ந்திருந்தால் முதலில் ஸ்பாஞ்சால் ஒற்றிவிட்டு, பிறகு பஃப்பை வைத்து அழுத்தி எடுங்கள். கன்னத்துக்குப் பஃப்பில் ஒட்டியிருக்கும் மிச்சம் போதும். கன்ன மேட்டில் ஒன்றுமே போடாமல் விட்டால் இன்னும் இயல்பாக இருக்கும்.

11 மணிக்கு மினுமினுத்தால் உடனே காம்பாக்டைத் திறக்காதீர்கள். எண்ணெய் மேல் பவுடர் விழுந்தால் கட்டிதட்டிக்கொள்ளும். எண்ணெயை உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பரை 5 விநாடி அழுத்தி எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் பவுடர். பேப்பர் கைவசம் இல்லையென்றால் டிஷ்யூவின் இரண்டு மடிப்பைப் பிரித்து ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

பிரைமர் மேல் பவுண்டேஷன் போட்டால் அழுக்குபோல் உருண்டு உருண்டு வருகிறதே?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

கீழ் அடுக்கு காயாமல் மேலே தேய்த்தால் அப்படித்தான் வரும். சன்ஸ்க்ரீனும் பிரைமரும் கனமாக இருந்தாலும் இதே கதிதான். பிரைமரும் பவுண்டேஷனும் ஒத்துப்போகாமலும் இருக்கலாம்: டைமெத்திகோன் (ஒரு வகை சிலிகோன்) அதிகமுள்ள சிலிகோன் பிரைமர் மேல் தண்ணீர் தன்மையுள்ள பவுண்டேஷன் சில நேரம் ஒட்டாமல் நழுவும். புறங்கையில் இரண்டிலும் ஒரு சொட்டு வைத்துக் குழைத்துப் பாருங்கள். பால் திரிந்ததுபோல் பிரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

கடையில் சரியாகத் தெரிந்த ஷேட், வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் கறுத்துவிடுகிறது. ஏன்?
– வாசகி, சேலம்

பவுண்டேஷனுக்கு நிறம் தருபவை பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு நிறமிகள். கலவையில் உள்ள ஈரம் ஆவியாகி, சருமத்து எண்ணெயும் சேரும்போது நிறம் அழுத்தமாகிவிடும். அதனால் மணிக்கட்டில் பார்த்து வாங்காதீர்கள். தாடை எலும்பின் மேல் கோடிட்டு, கழுத்தோடு ஒப்பிட்டு, அரை மணி நேரம் கழித்து வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடியில் பாருங்கள். கடை விளக்கு மஞ்சளாகவோ நீலமாகவோ இருக்கும், அதை நம்ப முடியாது.

ரிசப்ஷன் போட்டோவில் முகம் மட்டும் வெள்ளையாக, கழுத்து கறுப்பாக விழுந்துவிட்டது. பவுடர்தான் காரணமா?
– வாசகி, கோவை

பெரும்பாலும் ஆமாம். சிலிகா மிகுந்த வெள்ளை நிற பவுடர், ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ள சன்ஸ்க்ரீனும் அடியில் இருந்தால் வெண்மை இன்னும் கூடும். மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் ‘டிரான்ஸ்லூசென்ட்’ (நிறம் தெரியாதது) என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கினால் நேரில்கூடச் சாம்பல் தட்டும். மஞ்சள் அல்லது பீச் சாயல் உள்ள பவுடராகப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே மிக மெலிதாகப் போடுங்கள். மண்டபத்துக்குக் கிளம்பும் முன் விளக்கை அணைத்துவிட்டு, போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

வறண்ட சருமத்துக்கு மேட் ஒத்துவருமா?
– வாசகி, ஊட்டி

முழு மேட் வேண்டாம். லேசான மினுமினுப்புள்ள சாட்டின் பவுண்டேஷன் போட்டு, மூக்கில் மட்டும் பவுடர் ஒற்றுங்கள். தோல் உரிகிறதே என்று அன்று காலையில் ஸ்க்ரப் தேய்த்தால் எரிச்சலோடு திட்டும் கூடும். முந்தைய இரவே கனமான கிரீம் தடவிவிடுங்கள்.

பஃப், ஸ்பாஞ்சை எப்போது கழுவ வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

ஸ்பாஞ்சை முடிந்தவரை ஒவ்வொரு முறையும், பஃப்பை வாரம் ஒருமுறையாவது சோப்பு போட்டுக் கழுவிக் காற்றோட்டமாக உலர்த்துங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் ஊறிய பஃப்பில் பவுடர் சமமாக ஏறாது.