அம்மாவின் தட்டு

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. அம்மாவுக்கு வயது 68. உடம்பெல்லாம் வலி என்கிறார், தூக்கமில்லை. எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, ஒரு நோயும் இல்லை. பைபிளின் நீதிமொழிகள் 17:22-ஐ ஃபிரேம் போட்டு அவர் அறையில் மாட்டினேன். போனில் கீர்த்தனைகள் போட்டுக் கொடுக்கிறேன். சாப்பிடும்போது அழுவதைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவதால், தட்டை அறைக்கே அனுப்பிவிடுகிறோம். முகத்தில் சிரிப்பே இல்லை. விசுவாசம் குறைந்துவிட்டதா?

பதில்: தம்பி, அம்மாவின் விசுவாசத்தை நீங்கள் அளக்க வேண்டாம். அந்தத் தட்டைப் பற்றிப் பேசுவோம்.

“மனமகிழ்ச்சி நல்ல ஔஷதம்” என்று மாட்டியிருக்கிறீர்கள். அதே வசனத்தின் பின்பாதியைப் படித்தீர்களா? முறிந்த ஆவி எலும்புகளை உலர்த்திவிடும் என்கிறது. அம்மா சொல்லும் வலி அதுதான். துக்கப்படுகிறவளைப் பார்த்துச் சிரி என்று அந்த வசனம் கட்டளையிடவில்லை. மருந்துச்சீட்டைச் சுவரில் மாட்டினால் நோய் தீருமா? மருந்தைக் கையில் கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டும். அதே புத்தகம் 16:24-இல், இனிய சொற்கள் எலும்புகளுக்கு ஔஷதம் என்கிறது. அந்த அறையில் அம்மாவிடம் பேச யார் இருக்கிறார்கள்? போனா? மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் அவன் துணியைக் களைவது போல என்று 25:20 சொல்லியிருக்கிறது.

பைபிளில் நெகேமியா புத்தகத்தின் 8-ஆம் அதிகாரத்தை எடுங்கள். எருசலேமில் தண்ணீர் வாசலுக்கு முன்னே ஆசாரியனாகிய எஸ்றா, மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தை வாசிக்க, ஜனங்கள் அழுதார்கள். அழாதேயுங்கள், போய்க் கொழுமையானதைச் சாப்பிட்டு மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லப்பட்டது. கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே பெலன் என்று நாம் பாடுகிற வசனம் அந்த இடத்தில்தான் வருகிறது. அவர்கள் போய்ச் சாப்பிட்டு மகிழ்ந்தார்கள். தங்களுக்குச் சொன்ன வார்த்தைகளை உணர்ந்துகொண்டதால் மகிழ்ந்தார்கள் என்று 12-ஆம் வசனம் காரணமும் சொல்கிறது. அங்கே பங்கு போனது, இல்லாதவனையும் விருந்தில் சேர்க்க. உங்கள் வீட்டில் தட்டு போவது, பெற்றவளைப் பந்தியிலிருந்து விலக்க. அழுகிறவர்களை உள்ளே அனுப்பிவிடலாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

எட்டு மாதமாகத் தூக்கமில்லை, அழுகிறார் என்பதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். அது ஒரு புறம் நடக்கட்டும்.

இன்று இரவு நீங்களே போய்க் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அழுதால் அழட்டும். “ஆச்சி தாத்தாவை நினைத்து அழுகிறார்” என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்குப் புரியும். ஜெபத்தை அம்மாவே செய்யட்டும். தாத்தாவுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்.