கம்பெனி மூடிவிட்டது, ரம்பம் ஓடுமா?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில், நகரத்தை விட்டுத் தள்ளி, ஐந்து ஏக்கர் மரக்காட்டுடன் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். கொட்டகையில் முந்தைய உரிமையாளர் மூன்று பெட்ரோல் சங்கிலி ரம்பங்களை விட்டுச் சென்றிருக்கிறார்: சிவப்பு நிற டோல்மார் பி.எஸ்.6400, பச்சை நிறப் பூலான், மஞ்சள் நிற மெக்கல்லக் 10-10. "இந்தப் பெயர்களெல்லாம் போய்விட்டன, உதிரிபாகம் கிடைக்காது, பேட்டரி ரம்பம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் கடைக்காரர். வீட்டில் விறகடுப்பு இருக்கிறது. மூன்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். டோல்மாரை வைத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் பல ஆண்டுகள் உங்களுக்கு விறகு அறுக்கும். பூலானுக்கு ஒரு பெட்ரோல் குழாய்க்கு மேல் செலவு செய்யாதீர்கள். மெக்கல்லக்கில் சங்கிலியை நிறுத்தும் பிரேக் இல்லையென்றால், அதை மரம் அறுக்க எடுத்துச் செல்லவே கூடாது. பேட்டரி ரம்பமும் ஒன்று வாங்கலாம். ஆனால் அதை வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு கம்பெனியின் பெயர் சந்தையிலிருந்து மறைந்தால் அதன் ரம்பம் அநாதையாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சங்கிலி ரம்பத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறு. இதில் எது தேய்கிறது, எது கெடுகிறது என்று பாருங்கள். முதலில் தேய்வது சங்கிலி. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து வடிவமைத்த வெட்டுப்பல் சங்கிலியை 1947இல் விற்கத் தொடங்கினார். இன்றைய எல்லாச் சங்கிலிகளும் அதன் வழிவந்தவையே. அவற்றின் அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதில்லை. கண்ணி இடைவெளி (பிட்ச்), சங்கிலியைத் தாங்கும் நீண்ட தகடான பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணியின் தடிமன், கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்று எண்கள் தெரிந்தால் எந்தக் கடையிலும் சங்கிலி வாங்கிவிடலாம். அடுத்தது, அந்தப் பார். அதன் அடிப்பகுதித் துளைகளின் அமைப்பில் ஒரு சில வகைகள்தான் உண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்குத் தரும் கார்புரேட்டரை ரம்பக் கம்பெனிகள் பெரும்பாலும் தாங்களே செய்யவில்லை. வால்ப்ரோ, சாமா, டில்லட்சன் போன்றவர்களிடம் வாங்கிப் பொருத்தின. எனவே டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் கேஸ்கெட் என்ற கசிவுத்தடைத் தாளும் அடங்கிய பழுதுபார்ப்புப் பொட்டலம் கார்புரேட்டரின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டே கிடைக்கும். ஸ்பார்க் பிளக், பெட்ரோல் குழாய், வடிகட்டி எல்லாம் பொதுச் சரக்கு.

பெயரோடு கட்டுண்டவை சிலதான்: சிலிண்டர், பிஸ்டன், தீப்பொறி தரும் காயில், சங்கிலிக்கு எண்ணெய் ஊட்டும் பம்ப், உறை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இதே வார்ப்பில் எத்தனை ரம்பங்கள், எத்தனை பெயர்களில் விற்றன என்பதுதான்.

உங்கள் டோல்மார் இந்தக் கேள்விக்கு மிக நல்ல விடை தருகிறது. 1927இல் எமில் லெர்ப் என்ற ஜெர்மானியர் துரிங்கியாவில் உள்ள டோல்மார் மலையில் தன் பெட்ரோல் சங்கிலி ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார். எடை 58 கிலோ. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அந்த மலையின் பெயரே கம்பெனிக்கு வந்தது. 1991இல் ஜப்பானின் மகிட்டா டோல்மாரை வாங்கியது. அதன் பிறகு ஒரே ரம்பம் சிவப்பில் டோல்மார் என்றும் நீலத்தில் மகிட்டா என்றும் விற்பனைக்கு வந்தது. மகிட்டா 2022 மார்ச்சுடன் பெட்ரோல் இயந்திர உற்பத்தியையே நிறுத்தி, முழுக்கப் பேட்டரிக்கு மாறிவிட்டது. கடைக்காரர் சொல்வது இதைத்தான்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பி.எஸ்.6400, 7300, 7900 மூன்றும் ஒரே அடிக்கூட்டின் மேல் கட்டப்பட்டவை. பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் மூன்றிலும் 37 மில்லிமீட்டர். சிலிண்டரின் உள்விட்டம் மட்டும் 47, 50, 52 மில்லிமீட்டர் என்று மாறும். அதனால் கொள்ளளவு 64, 73, 79 சி.சி. ஆகிறது. அமெரிக்காவில் ஹோம் டிப்போ கடைகள் இந்த 64 சி.சி. ரம்பத்தின் நீல வடிவத்தை வாடகைக்கு விட்டு, தேய்ந்ததும் மலிவு விலைக்குத் தள்ளிவிட்டன. அவற்றை வாங்கியவர்கள் 79 சி.சி. சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றிப் போட்டு, பாதி விலையில் பெரிய ரம்பம் செய்துகொண்டார்கள். அந்தத் தேவைக்காகவே வேறு கம்பெனிகள் இந்தச் சிலிண்டர்களைச் செய்து விற்கத் தொடங்கின. பாரும் ஸ்வீடன் கம்பெனியான ஹுஸ்க்வர்னாவின் பெரிய ரம்பங்களுக்குப் போடும் அதே வகை. இவ்வளவு உறவுக்காரர்கள் இருக்கும் இயந்திரத்தை அநாதை என்று சொல்ல முடியாது.

ஆனால் உங்களுடையது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் செலவழிக்க வேண்டும். அதற்கு மெக்கானிக் தேவையில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு சைலன்சரைப் பிடித்திருக்கும் திருகுகளை நட்சத்திர முனைத் திருப்புளியால் எடுத்தால், சிலிண்டரின் புகை வெளியேறும் துளை திறந்துகொள்ளும். டார்ச் அடித்தபடி ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுங்கள். துளைக்குப் பின்னால் பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். அதன் பக்கத்தில் கடைசல் எந்திரம் விட்டுச்சென்ற நுண்ணிய கிடைக்கோடுகள் அழியாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடி, உலோகம் மங்கிய சாம்பல் நிறத்தில் இழுபட்டிருந்தால், ஒரு காலத்தில் அந்த இயந்திரம் எண்ணெய் போதாமல் சூடேறிப் பிடித்திருக்கிறது என்று பொருள். அப்போது சிலிண்டரும் பிஸ்டனும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் அப்படி ஆனதற்குக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்: எண்ணெய் கலக்காத பெட்ரோலாக இருக்கலாம், விரிசல் விட்ட பெட்ரோல் குழாயாக இருக்கலாம், இயந்திரத்தின் சுழலும் தண்டான கிராங்கின் ஓரத்து ரப்பர் சீலில் புகும் காற்றாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் விரைவில் போய்விடும். பிஸ்டன் நன்றாக இருந்தால், சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் அளவியை ஸ்பார்க் பிளக் துளையில் பொருத்திக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். 150 பி.எஸ்.ஐ. அளவில் காட்டினால் நல்ல இயந்திரம். 120க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். இந்த மாடலில் இழுப்பை எளிதாக்கும் அழுத்தக் குறைப்புப் பொத்தான் இருந்தால், சோதிக்கும்போது அது அமுங்கியிருக்கக் கூடாது.

பூலானும் ஒரு காலத்தில் பெரிய பெயர். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் கிளாட் பூலான் 1946இல் தொடங்கியது. 1986இல் ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் வாங்கி, பிற்காலத்தில் வீட்டு உபயோகத்துக்கான மலிவு ரம்பமாக அதை ஆக்கிவிட்டது. இவற்றில் முதலில் போவது பெட்ரோல் குழாய்தான். எத்தனால் கலந்த பெட்ரோலில் அது பிசுபிசுத்து உதிரும். குழாயும், பெட்ரோலை இழுக்க விரலால் அமுக்கும் பிரைமர் குமிழும் மாற்றி ஓடினால் கிளை வெட்ட வைத்துக்கொள்ளுங்கள். ஓடவில்லையா, விட்டுவிடுங்கள். உதிரி தேடும்போது ஒரு குறிப்பு: சியர்ஸ் கடைகள் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் ரம்பங்களில் 358 என்ற எண்ணில் தொடங்குபவை பூலான் செய்தவையே.

மெக்கல்லக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அது மதிக்கத்தக்க இயந்திரம். ராபர்ட் மெக்கல்லக் 1949இல் கொண்டுவந்த 25 பவுண்டு எடையுள்ள ரம்பம்தான், ஒரே ஆள் தூக்கி அறுக்கும் பழக்கத்தை அமெரிக்கக் காடுகளில் பரப்பியது. தேம்ஸ் நதியின் மேல் நின்ற பழைய லண்டன் பாலத்தை 1968இல் 24,60,000 டாலருக்கு வாங்கி, கல் கல்லாகக் கழற்றி அரிசோனாவின் லேக் ஹவசுவில் நிறுத்தியவரும் அவர்தான். கம்பெனி 1999இல் திவாலானது. பிறகு அந்தப் பெயர் ஹுஸ்க்வர்னாவிடம் போய்ச் சேர்ந்தது. 10-10 இன்றும் முடுக்கினால் ஓடும். நான் தடுப்பதற்குக் காரணம் வேறு. அந்தத் தலைமுறை ரம்பங்கள் பலவற்றில் சங்கிலி பிரேக் கிடையாது. பாரின் நுனியின் மேற்பகுதி கட்டையில் பட்டால் ரம்பம் ஒரு கணத்தில் முகத்தை நோக்கி எகிறும். கையை இழுக்கக்கூட நேரம் இருக்காது. அப்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக் 1970களில்தான் பரவலாக வந்தது. உங்கள் 10-10இல் முன்கைப்பிடிக்கு எதிரே பிரேக் தட்டு இல்லையென்றால் அதை அலமாரியில் வையுங்கள், அல்லது சேகரிப்பாளருக்கு விற்றுவிடுங்கள்.

இத்தனை பெயர்கள் ஏன் மறைந்தன? பேட்டரிதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பெயர்களை விழுங்கியது அதற்கு முன்பே நடந்த கைமாற்றங்கள். ஹுஸ்க்வர்னா, யோன்சரட் என்ற இன்னொரு ஸ்வீடன் ரம்பக் கம்பெனி, பூலான், பிறகு மெக்கல்லக் என்று ஒரே குடையின் கீழ் வந்தபின், ஒரே இயந்திரத்துக்கு நான்கு வண்ணம் பூசி நான்கு விளம்பரம் செய்ய யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. சிவப்பு யோன்சரட் 2172ஐக் கழற்றினால் உள்ளே இருப்பது ஹுஸ்க்வர்னா 372தான். அதன் மேல் புகைக் கட்டுப்பாடுகள் வந்தன. இந்த ரம்பங்களில் இருப்பதுபோல் பெட்ரோலுடன் எண்ணெய் கலந்து ஓடும் எளிய டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் புதுக்கலவையின் ஒரு பகுதி எரியாமலே புகைத்துளை வழியாக வெளியேறிவிடும். அதைக் குறைக்க வடிவமைப்பை மாற்றிச் சான்றிதழ் வாங்குவது சிறிய கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. கலிஃபோர்னியா 2024 மாடல் ஆண்டிலிருந்து புதிய சிறு பெட்ரோல் கருவிகளுக்குப் பூஜ்ய உமிழ்வு விதியைக் கொண்டுவந்துவிட்டது. அங்கேயும் 45 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள சங்கிலி ரம்பங்கள் கூட்டாட்சிச் சட்டத்தின் காரணமாக அந்த விதிக்குள் வரவில்லை. பெரிய பெட்ரோல் ரம்பம் இன்னும் சில காலம் இருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஜெர்மனியின் பெரிய ரம்பக் கம்பெனியான ஷ்டீல் நிறுவனமே 2035க்குள் தன் விற்பனையில் 80 விழுக்காடு பேட்டரிக் கருவிகளாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. போகிற திசை தெரிகிறது.

இனி பேட்டரிக்கு வருகிறேன். வீட்டைச் சுற்றிக் கிளை கழிக்க, விழுந்த சிறு மரத்தைத் துண்டாக்க, அண்டை வீட்டாரின் தூக்கம் கெடாமல் வேலை செய்ய அது நல்ல கருவி. ஆனால் விறகுக்கணக்கு வேறு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் இயந்திரம் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக்குகிறது என்று வைத்தாலும் 1.8 கிலோவாட்-மணி ஆகிறது. 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் இருப்பது 0.18. ஒரு லிட்டருக்கு ஈடாக ஏறத்தாழ பத்துப் பேட்டரிகள். குளிரில் பேட்டரியின் கொள்ளளவு மேலும் குறையும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. எனவே அதை வீட்டுக்குள் வைத்து, வேலை தொடங்கும்போது வெளியே எடுங்கள்.

முன்பே சொன்ன கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: பேட்டரி ரம்பம் வாங்கும்போது ரம்பத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பேட்டரி வரிசையைப் பார்த்து வாங்குங்கள். பெட்ரோலுக்குக் கம்பெனிப் பெயர் கிடையாது. எந்தப் பம்பிலும் ஊற்றிக்கொள்ளலாம். பேட்டரி அப்படியல்ல. அதன் முனைகளும் உள்ளிருக்கும் மின்சுற்றும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை. அந்த வரிசையை நிறுத்திவிட்டால், மோட்டார் புதிதுபோல் இருந்தாலும் ரம்பம் முடங்கிவிடும். சங்கிலி ரம்பத்துக்கு மட்டும் விற்கப்படும் பேட்டரியைத் தவிர்த்து, துளையிடும் கருவி முதல் புல் வெட்டுவது வரை பல கருவிகளுக்கும் பொருந்துகிற, பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வரும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். மகிட்டாவின் 18 வோல்ட் வரிசை 2005இலிருந்து இருக்கிறது. அவர்களுடைய 36 வோல்ட் ரம்பங்களில் பல அந்தப் பேட்டரியில் இரண்டைச் சேர்த்தே ஓடுகின்றன.

டோல்மாருக்கு இப்போதே வாங்கி வைக்க வேண்டியவை கார்புரேட்டர் பொட்டலம், பெட்ரோல் குழாய், வடிகட்டி, எண்ணெய் பம்ப், ஒரு காயில். முதல் மூன்றும் எப்போதும் கிடைக்கும். கடைசி இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிக்கொண்டே போகும் என்பதால் அவற்றை முதலில் வாங்குங்கள். லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து ஊற்றுங்கள். பருவம் முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, கார்புரேட்டர் வறளும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். கொட்டகையில் கிடந்த மூன்றின் தொட்டிகளிலும் பழைய பெட்ரோல் இருந்தால், முடுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் அதை வெளியேற்றி, உங்கள் ஊராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.