எட்டு அங்குல டாப்சோனியனுக்கு எந்த அகலப்புல ஐபீஸ்?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதியிருக்கும் வாசகர், தம்மிடம் எட்டு அங்குல டாப்சோனியன் (எளிய சுழல்பீடத்தில் அமர்ந்த, ஆடிவகைத்) தொலைநோக்கி இருப்பதாகவும், அதனுடன் வந்த 25 மி.மீ., 10 மி.மீ. பிளாசல் எனும் எளிய வகை ஐபீஸ்களையே (கண் வைத்துப் பார்க்கும் வில்லைக் குழல்கள்) மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவதாகவும் கூறுகிறார். பெரும்பாலான இரவுகளில் மொட்டை மாடியிலும், ஆண்டுக்கு நான்கைந்து முறை ஏற்காட்டிலும் வானம் பார்க்கிறார். இருபதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வானத்தின் அகன்ற பகுதியை ஒரே பார்வையில் காட்டும் அகலப்புல ஐபீஸ் ஒன்றே ஒன்று வாங்க வேண்டும். செலஸ்ட்ரான் எக்ஸ்-செல் எல்எக்ஸ் 25 மி.மீ., எக்ஸ்ப்ளோர் சயின்டிஃபிக் 68 பாகை 24 மி.மீ., பாடர் ஹைபீரியன் 24 மி.மீ. ஆகிய மூன்றில் எதை வாங்கலாம் என்பது அவர் கேள்வி. கடைக்காரர் இரண்டு அங்குலக் குழலுக்கான 38 மி.மீ. ஒன்றைப் பரிந்துரைத்தாராம். தாம் சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு எல்லாத் திசையிலும் சீராக இல்லாத குறையைத் திருத்துவது) 1.25 உள்ள கண்ணாடி அணிபவர் என்பதைக் கடைசி வரியில்தான் குறிப்பிட்டிருக்கிறார். என் பதிலைத் தீர்மானிப்பது அந்தக் கடைசி வரிதான்.

முதலில் புலத்தைப் பார்ப்போம். தங்கள் தொலைநோக்கியின் குவியத் தூரம் 1200 மி.மீ., குவிய விகிதம் (குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தது) ஏறத்தாழ 6. 24 மி.மீ. ஐபீஸ் அதில் 50 மடங்கு பெருக்கும். 68 பாகைத் தோற்றப் புலம் (ஐபீஸுக்குள் தெரியும் வட்டத்தின் கோண அகலம்) உள்ளதாயின் வானில் சுமார் 1.3 பாகை அகலம் தெரியும். கையிலுள்ள 25 மி.மீ. பிளாசலில் ஒரு பாகையை ஒட்டிய புலமே கிடைக்கிறது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கார்த்திகைக் கூட்டத்தின் ஒளிமிக்க விண்மீன்களில் மேற்கு ஓரத்து எலெக்ட்ராவுக்கும் கிழக்கு ஓரத்து அட்லஸுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு பாகை என்பதால், பிளாசலில் இரண்டும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்க, 24 மி.மீ. ஐபீஸில் அந்தக் கூட்டம் சுற்றிலும் கருவானம் சூழ முழுதாக வந்து அமரும். மேலும், தங்கள் டாப்சோனியனில் மோட்டார் இல்லையாயின், வான நடுக்கோட்டருகே உள்ள ஒரு பொருள் 1.3 பாகைப் புலத்தைக் கடக்க ஐந்து நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதுவரை குழாயைத் தள்ளாமல் நிதானமாகப் பார்க்கலாம்.

கடைக்காரர் சொன்ன 38 மி.மீ. ஐபீஸைத் தாங்கள் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. புலம் இன்னும் அகலும் என்பது உண்மைதான். ஆனால் ஐபீஸின் குவியத் தூரத்தைக் குவிய விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம். இதில் அது 6.4 மி.மீ. ஆகிறது. நடுவயதைக் கடந்த பலருக்கு இருட்டிலும் கண்பாவை அவ்வளவு விரிவதில்லை; விரியாதபோது தொலைநோக்கியின் ஆடி சேர்த்த ஒளியில் ஒரு பகுதி வீணாகும். அஸ்தம்பட்டி மாடியிலோ, வானத்தின் பின்னணியே சாம்பல் நிறமாக வெளுத்துத் தெரியும். ஏற்காட்டிலும் இது முழுமையாகத் தீராது. மே மாதத்தில் இரவு பத்து மணியளவில் தெற்கே ஒமேகா சென்டாரி என்னும் உருண்டை விண்மீன் கொத்து 31 பாகை உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே, ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட் பக்கம், சேலம் நகரத்தின் விளக்கொளி முழுதும் பரவியிருக்கும். 24 மி.மீ. ஐபீஸில் ஒளிக்கற்றை 4 மி.மீ. மட்டுமே என்பதால் பின்னணி கருத்து, அந்தக் கொத்தின் மீன்கள் பொடிப்பொடியாகப் பிரிந்து தெரியத் தொடங்கும்.

இனி கண்ணாடி. வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் திருகைச் சற்றுத் திருப்பினால் போதும். சிலிண்டர் குறைபாட்டை ஃபோகஸ் சரிசெய்யாது. ஒளிக்கற்றை ஒன்றிரண்டு மி.மீ. அளவுக்குச் சுருங்கும் உயர் பெருக்கத்தில் அது அவ்வளவாக உறுத்தாது, 4 மி.மீ. கற்றையில் 1.25 சிலிண்டர் நன்றாகவே உறுத்தும், புலத்தின் நட்டநடுவில் இருக்கும் மீனும் கோடாக இழுபடும். ஆகவே தாங்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அதற்கு ஐ ரிலீஃப், அதாவது கடைசி வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே கிடைக்கும் தூரம், தாராளமாக இருக்க வேண்டும். எக்ஸ்-செல்லுக்கு 16 மி.மீ., எக்ஸ்ப்ளோர் சயின்டிஃபிக்குக்கு ஏறத்தாழ 18, ஹைபீரியனுக்கு 20 என்று குறிக்கப்பட்டுள்ளது. இந்த அளவு வில்லையின் மேற்பரப்பிலிருந்து எடுக்கப்படுவது. வில்லை உள்ளே குழிந்திருந்தால் அதில் சில மி.மீ. விளிம்போடு போய்விடும். எக்ஸ்ப்ளோர் சயின்டிஃபிக்கில் இந்தக் குறை உண்டு.

விளிம்புக் கூர்மையில் வரிசை வேறு. எக்ஸ்-செல் 25 மி.மீ. குவிய விகிதம் 6 உள்ள தொலைநோக்கியில் ஓரத்து மீன்களைச் சிறகு விரித்த பறவைபோல் சிதைக்கிறது. புலமும் 60 பாகைதான் என்பதால் அதைத் தயங்காமல் விலக்கிவிடலாம். ஹைபீரியன் புலத்தின் நடுப்பகுதியில் மிக நன்றாக இருந்து, கடைசிக் கால்பங்கில் தளர்கிறது. எக்ஸ்ப்ளோர் சயின்டிஃபிக் ஏறக்குறைய விளிம்பு வரை புள்ளியாகவே காட்டுகிறது. இந்த விலையில் அது அரிய விஷயம் என்றே நான் கருதுகிறேன். கண்ணாடி அணியாத ஒருவர் கேட்டிருந்தால் இரண்டாவது சிந்தனையின்றி அதையே சொல்லியிருப்பேன். ஆனால் கூர்மையான விளிம்பு கண்ணுக்கு எட்டாவிட்டால் அதற்குக் கொடுத்த பணத்துக்குப் பயனில்லை. தங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஹைபீரியன் 24 மி.மீ.

வாங்குமுன் முடிந்தால் இரண்டையும் பகலில் சோதியுங்கள். ரப்பர் கண்மூடியை மடித்துவிட்டு, கண்ணாடி அணிந்தபடி, ஐபீஸை மட்டும் வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். வட்டத்தின் கருவிளிம்பு தலையை அசைக்காமலே முழுதாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. எக்ஸ்ப்ளோர் சயின்டிஃபிக்கிலும் அப்படித் தெரிந்தால் என் பரிந்துரையை மாற்றிக்கொண்டு அதையே வாங்கிவிடுங்கள். மூக்கின் அமைப்பும் கண்ணாடிச் சட்டமும் ஆளுக்கு ஆள் மாறும்.

வாங்கிய பிறகு ஓரத்தில் மீன் சிதைந்தால் உடனே ஐபீஸைக் குறைசொல்ல வேண்டாம். ஃபோகஸைச் சற்றுத் திருப்பியதும் ஓரம் கூர்மையானால் அது புல வளைவு (நடுவும் ஓரமும் ஒரே ஃபோகஸில் அமையாமை). மீன் வால் முளைத்ததுபோல் தெரிந்து, அந்த வால் எப்போதும் வெளிப்புறம் நோக்கியிருந்தால் அது கோமா எனப்படும், முதன்மை ஆடியின் குறை. எந்த ஐபீஸிலும் இருக்கும். மீன் கோடாக இழுபட்டு, ஃபோகஸின் இருபுறமும் அந்தக் கோடு திசைமாறிக் குறுக்காகத் திரும்பினால்தான், அதுவும் ஓரத்தில் மட்டும் என்றால், ஐபீஸின் குறை.

ஏற்காட்டு ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளோர் சயின்டிஃபிக் உள்ளே ஆர்கான் வாயு நிரப்பி மூடப்பட்டது, ஹைபீரியன் அப்படியன்று. என்னுடைய பழைய ஐபீஸ் ஒன்றை மலையிலிருந்து பனியோடு கொண்டுவந்து அப்படியே பெட்டியில் மூடிவைத்தேன். ஐப்பசி மழை முடிந்து திறந்தபோது உள்வில்லையில் சிலந்தி நூல்போல் பூஞ்சை படர்ந்திருந்தது, துடைக்கக் கை எட்டாத இடம். மலையில் வில்லை மங்கினால் துணியால் தேய்க்காமல் மூடிபோட்டுச் சட்டைப்பையில் சிறிது நேரம் வையுங்கள். வீடு திரும்பியதும் மூடிகளைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு உலரவிட்டு, பிறகே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.