வினாடி வினாவில் 90, கட்டுரையில் அதே பிழை

முதலில் உங்கள் ஆங்கில இலக்கண வினாடி வினாவில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே உள்ள நான்கு விடைத் தெரிவுகளை எடுத்துவிடுங்கள். அந்த ஆன்லைன் வினாடி வினாவில் 90 வாங்கும் மாணவர்கள் கட்டுரையில் 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று எழுதுகிறார்கள் என்றீர்கள்; 'எஸ்டர்டே' (நேற்று) வந்தால் 'ஹேவ்' வராது, 'ஐ சா ஹிம்' என்றுதான் எழுத வேண்டும். தெரிவுகள் இருக்கும்வரை சரியானதை அடையாளம் காண்கிறார்களே தவிர, வாக்கியத்தைத் தாங்களாக அமைப்பதில்லை.

கேள்வியிலேயே 'எஸ்டர்டே', 'சின்ஸ்' என்று காலத்தைக் காட்டும் துப்பும் கிடக்கும். அதைப் பார்த்ததும் கை தானாக விடையை அழுத்திவிடும். பாவம், பிள்ளைகள் ஏமாற்றவில்லை. வினா அப்படிப் பழக்கிவிட்டது.

ஒரு சோதனை: 'நேற்று நூலகத்தில் என்ன செய்தீர்கள்?' என்று தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் 3 வாக்கியம் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். 'ஐ ஹேவ் கான்', 'ஐ ஹேவ் ரெட்' என்று வந்தால் சிக்கல் இதுதான்.

இவற்றை நீங்களே படித்துத் திருத்த வேண்டும். கோடிட்ட இடம் நிரப்பும் வினாவைக் கணினி திருத்தினால், 'ஐவ்' ('ஐ ஹேவ்' என்பதன் சுருக்கம்) போன்ற சுருக்க வடிவங்களையும் விடைப்பட்டியலில் சேருங்கள்; இல்லாவிட்டால் சரியாக எழுதியவருக்கும் மதிப்பெண் போய்விடும்.