துக்க வீட்டில் டீ குடிக்கலாமா?

கேள்வி: அயர்லாந்தில் கால்வே பக்கம் நர்ஸாக இருக்கிறேன். கூட வேலை செய்யும் பெண்ணின் தம்பியை யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். நாளை மறுநாள் வீட்டில் உடலை வைக்கிறார்கள். வார்டில் எல்லோரும் போகிறார்கள். நான் அந்தப் பையனைப் பார்த்ததுகூட இல்லை. போய் என்ன சொல்வது? டீ, சாண்ட்விச் வேறு தருவார்களாமே! ஊரில் மெழுகுவத்தி ஏற்றும் கூட்டமும் இருக்கிறதாம்.
- ஒரு வாசகி, கால்வே

பதில்: போங்கள். முன்பின் தெரியாதவர்களும் அங்கே போவார்கள். கிளம்பும் முன் ஆர்ஐபி டாட் ஐஇ என்ற மரண அறிவிப்புத் தளத்தில் அறிவிப்பை மட்டும் பார்த்துவிடுங்கள். கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனையால் நாள் தள்ளிப்போவது உண்டு. 'ஹவுஸ் பிரைவேட்' என்று போட்டிருந்தால் வீட்டுக்குப் போகாமல் சர்ச்சுக்குப் போக வேண்டும். பூ வேண்டாம் என்று எழுதியிருந்தால் நிஜமாகவே வேண்டாம்.

வாசலில் வரிசை நிற்கும். பெட்டிக்குப் பக்கத்தில் குடும்பத்தார் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, 'ஸாரி ஃபார் யுவர் ட்ரபிள்' என்று சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். மந்திரியும் அதைத்தான் சொல்வார், பக்கத்துக் கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். புதிதாக ஏதாவது சொல்லத் தேட வேண்டாம். பெட்டி மூடியிருந்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் அடுக்களைப் பக்கம் யாராவது கையில் ஒரு கப்பைத் திணிப்பார்கள். நம் வழக்கப்படி சாவு வீட்டில் கை நனைக்கத் தயக்கமாக இருக்கும், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பவும் தோன்றும். இரண்டையும் கொஞ்சம் தளர்த்துங்கள். அந்த டீயைப் போட்டுத் தருவது அநேகமாக அக்கம்பக்கத்துக்காரர்கள். அவர்களுக்கும் துக்கத்தில் செய்ய ஒரு வேலை வேண்டுமே! யாராவது பையனைப் பற்றிக் கதை சொல்லிச் சிரித்தால் திடுக்கிடாதீர்கள். அந்த வீட்டில் அழுகையும் சிரிப்பும் ஒரே அறையில்தான் இருக்கும்.

யார் அடித்தான், போலீஸ் பிடித்ததா என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். தோழியிடம் பேசக் கிடைத்தால் தம்பி எப்படிப்பட்டவன் என்று கேளுங்கள். கொலையான ஒருவரின் பேர் வழக்கோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. அதைப் பிரித்தெடுக்கத்தான் அந்த ஊர்க்காரர்கள் பாடுபடுகிறார்கள். வட அயர்லாந்தின் ஓமா நகரில் 1998 ஆகஸ்ட் 15 அன்று குண்டு வெடித்து 29 பேரும், வயிற்றில் இருந்த இரட்டைக் குழந்தைகளும் இறந்தார்கள். அங்கே நினைவுத் தோட்டத்தில் ஒரு பெரிய கண்ணாடி சூரியனைத் தொடர்ந்து திரும்புகிறது. அதன் வெளிச்சம் 31 சின்னக் கண்ணாடிகளில் பட்டு, அங்கிருந்து குண்டு வெடித்த தெருவிலுள்ள கண்ணாடித் தூணுக்குப் போகிறது. ஆளுக்கு ஒரு கண்ணாடி, பிறக்காத இரண்டு பேருக்கும் சேர்த்து. 2025 ஜனவரியில் பொது விசாரணை தொடங்கியபோதும், குண்டைப் பற்றிய சாட்சியங்களுக்கு முன்பாக, இறந்தவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்று குடும்பத்தார் பேசத்தான் முதல் வாரங்களை ஒதுக்கினார்கள்.

மெழுகுவத்திக் கூட்டத்துக்கும் தயங்காமல் போங்கள். 2022 ஜனவரியில் டல்லமோர் என்ற ஊரில் கால்வாய்க் கரையில் ஓடப் போன 23 வயது ஆசிரியை கொல்லப்பட்டபோது நாடு முழுக்கக் கூடினார்கள். அவர் ஃபிடில் வாசிப்பவர் என்பதால் டல்லமோரில் அந்த நாட்டு மரபிசையையே வாசித்தார்கள். உங்கள் ஊரில் பேச்சு இருக்கலாம், வெறும் மௌனமாகவும் இருக்கலாம். முகநூலில் போட வீடியோ எடுக்காமல் இருந்தால் போதும்.

பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்கு அலுவலகத்தில் மாஸ் கார்டு, அதாவது இறந்தவருக்காகத் திருப்பலி வைக்கப்படும் என்று சொல்லும் அட்டை, வாங்கிக் கொடுக்கலாம். முப்பதாம் நாளை ஒட்டி 'மன்த்ஸ் மைண்ட்' என்று ஒரு நினைவுத் திருப்பலி வைப்பார்கள். அதற்குள் வீட்டுக்கு வருகிற கூட்டம் ஓய்ந்துபோயிருக்கும். என்னைக் கேட்டால், நாளை மறுநாளைவிட அன்றைக்குத்தான் நீங்கள் கட்டாயம் போக வேண்டும். தேதி தெரிந்ததும் அன்றைய டூட்டியை மாற்றிக்கொள்ள இப்போதே யாரிடமாவது சொல்லி வையுங்கள்.